பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கிறதா? டிஸ்க் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வேகமாகப் போகும்போது பிரேக்கில் கால் வைத்தால் பெடல் உள்ளங்காலைத் தட்டுகிறது. சில வண்டிகளில் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடுகிறது. மெக்கானிக்கிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பிளேட் கோணிக்கிச்சு, மாத்திடலாம்." பிளேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க். நானும் அப்படித்தான் மாற்றினேன், இரண்டு தடவை. இரண்டாவது ஜோடி ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை நானே சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை உருவியபோது, டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் ஹப்பின் முகத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துருச் செதில் அப்பியிருந்தது. இரண்டு தடவையும் அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை அதன் மேலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் வண்டி, நண்பர்கள் வண்டி என்று இந்த ஒரே கோளாறைப் பல தடவை பார்த்தாகிவிட்டது. "கோணிய" டிஸ்க் என்று கழற்றி வீசப்படுபவற்றில் பலவும் கோணியவை அல்ல. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போனவை, அல்லது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் பேடின் பொருள் ஒட்டித் திட்டுத்திட்டாக ஆனவை. டிஸ்க்கை அந்த நிலைக்குக் கொண்டுவந்த காரணம் வேறெங்கோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பணம்தான் போகும்.

உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் பெரிய செலவை வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கழற்றும் முன்: சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைத்தெடுங்கள்.

அறிகுறி: பிரேக் மிதிக்காமலே அதிர்வு இருக்கிறது

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அதே நடுக்கம் என்றால், டிஸ்க்கை விட்டுவிடுங்கள். வீல் பேலன்ஸ், டயர் புடைப்பு, ரிம் நெளிவு, இந்த வரிசையில் பாருங்கள். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் டயரோ ரிம்மோதான்.

இரண்டும் கலந்தும் வரலாம். அப்போது பேலன்ஸை முதலில் முடித்துவிட்டுத்தான் பிரேக்குக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் எது போனது, எது மிச்சம் என்றே புரியாது.

அறிகுறி: திடீர் பிரேக்கில் மட்டும் பெடல் படபடவென்று அடிக்கிறது

சரளைக்கல், ஈரச்சாலை, அவசர பிரேக். அப்போது மட்டும் கரகர சத்தத்தோடு பெடல் அதிர்ந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது. கோளாறே இல்லை. பயந்து காலை எடுத்துவிடாமல் அழுத்திப் பிடித்திருங்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: டிஸ்க்கால் வரும் துடிப்பு சக்கரத்தோடு சுற்றுவது. வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் நிதானமாகி, கடைசியில் தட்... தட்... என்று எண்ணிவிடலாம் போல வரும். ஏபிஎஸ் துடிப்பு அப்படிப் படிப்படியாக இறங்காது.

நல்ல காய்ந்த சாலையில், மெதுவாக மிதித்தும், வண்டி நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் ஏபிஎஸ் உதறுகிறதா? அப்படியென்றால் சக்கர வேக சென்சாரில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம், அந்த சென்சார் படிக்கும் பல் வளையம் துருப்பிடித்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். சென்சார் முனையைத் துடைத்துப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். எந்தச் சக்கரத்தின் வேகம் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது என்று ஓடும்போதே பார்த்துவிடுவார்கள்.

அறிகுறி: காலையில் மட்டும், முதல் சில பிரேக்குகளில்

மழையில் நின்ற வண்டி, கழுவிவிட்டு அப்படியே நிறுத்திய வண்டி. டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படியும், பேட் இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். நான்கைந்து நிதானமான பிரேக்கில் போய்விட்டால் மறந்துவிடலாம். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் பேட் அச்சு ஆழமாகப் பதிந்து, 100 கிலோமீட்டர் ஓட்டியும் போகவில்லை என்றால், அடுத்த தலைப்பின்படி பாருங்கள்.

அறிகுறி: வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது

இதுதான் அதிகம் வருவது. ஸ்டியரிங் இடவலமாக உதறினால் கோளாறு முன் சக்கரங்களில். காலியான நேர்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மென்மையாக, நீளமாக மிதித்துப் பாருங்கள். அழுத்தி மிதித்தால் துடிப்பு அமுங்கிப்போவதும் உண்டு. மென்மையாக மிதிக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.

*முதல் சந்தேகம்: வீல் நட்*

சமீபத்தில் பஞ்சரோ டயர் மாற்றமோ நடந்ததா என்று யோசியுங்கள். ஏர் கன்னால் வரிசையாகச் சுற்றி முடுக்கியிருந்தால், ஒரு நட் அளவுக்கு மீறியும் இன்னொன்று தளர்வாகவும் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து டிஸ்க்கும் ஒரு பக்கமாக இழுபடும்.

எல்லா நட்டையும் தளர்த்தி, சக்கரம் தொங்கும்போதே கையால் இறுக்கி உட்கார வையுங்கள். வண்டியை இறக்கியபின், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால், நான்கு நட் என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் நட்சத்திரம் வரைவது போல, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள். எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள். மரையில் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் இருந்தால் அதே அளவுக்கு முடுக்கினாலும் போல்ட் மேல் விழும் இழுவை கூடிவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

டயர் மாற்றி நாலைந்து நாளிலேயே ஆட்டம் தொடங்கியிருந்தால் இதோடு வேலை முடிந்துவிடலாம். மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருந்தால் அதற்குள் டிஸ்க் தேய்ந்திருக்கும். நட்டைச் சரிசெய்தாலும் துடிப்பு முழுதாகப் போகாது.

*இரண்டாவது: பேட் ஒட்டிய திட்டு*

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்து, கீழே நின்றதும் பெடலை அழுத்தியபடியே இருந்தீர்களா? சூடான பேட் டிஸ்க்கில் அப்படியே அச்சாகப் பதிந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் பேட் வடிவத்திலேயே சாம்பல் நிறத் திட்டு தெரியும்.

முதலில் கழற்றாமலே முயலலாம். காலியான சாலையில் 60-லிருந்து 15 வரை ஓரளவு அழுத்தமான பிரேக், எட்டுப் பத்துத் தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் சற்று ஓட்டி ஆறவிடுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். முடிந்தபின் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். துடிப்பு குறைந்தால் சரியான திசையில்தான் போகிறீர்கள், மறுநாள் இன்னொரு தடவை செய்யலாம். குறையவில்லை என்றால் பேடைக் கழற்றி, டிஸ்க்கின் இரு முகத்தையும் 120 நம்பர் எமரி பேப்பரால் சீராகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேட் பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தால் அதையும் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

திட்டு நீலமாகவோ கருநீலப் புள்ளிகளாகவோ இருந்தால் கதை வேறு. அந்த இடத்தில் இரும்பே சூட்டில் மாறிக் கெட்டியாகிவிட்டது. தேய்த்தாலும் லேத்தில் கடைந்தாலும் சில நாளில் மறுபடி மேடாகும். அந்த டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

*மூன்றாவது: ஹப் முகத்தின் துரு*

என் இரண்டு ஜோடி டிஸ்க்கைத் தின்ற ஆள் இவர்தான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்க் ஹப்பின் தட்டையான முகத்தில் உட்காருகிறது. அந்த முகத்தின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு துருச் செதில் சிக்கினாலும் டிஸ்க் சாய்ந்துவிடும். டிஸ்க்கின் விட்டம் ஹப் முகத்தைப் போல இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், அதன் வெளி ஓரத்தில் அந்த ஆட்டம் 0.1 ஆகிவிடும். பல வண்டிகளில் 0.05-ஐ ஒட்டித்தான் மொத்த அனுமதியே.

மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பக்கவாட்டில் நகரக்கூடியது, டிஸ்க்கோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும். ஆனால் சாய்ந்த டிஸ்க்கின் ஒரே இடம், பிரேக் மிதிக்காதபோதும், ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துவிடும். அப்போதுதான் பெடல் துடிக்கத் தொடங்கும். வேலை செய்தவருக்கும் உங்களுக்கும் அதற்குள் பழைய வேலை மறந்துபோயிருக்கும்.

செய்ய வேண்டியது: காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. டிஸ்க்கை உருவுங்கள். வராவிட்டால், பல டிஸ்க்குகளில் அதற்கென்றே இரண்டு மரைத் துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முடுக்கினால் தானாக எழும்பி வரும். சுத்தியலால் உரசும் முகத்தில் அடிக்காதீர்கள். ஹப் முகத்தை ஒயர் பிரஷ், எமரி பேப்பர் கொண்டு உலோகம் தெரியும்வரை தேயுங்கள். வீல் போல்ட்டின் அடியைச் சுற்றியுள்ள வளையத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள், துரு ஒளிந்திருப்பது அங்கேதான். நடுவிலிருக்கும் உயர்ந்த விளிம்பையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

முகத்தில் கிரீஸை அப்பாதீர்கள். அது சூட்டில் கரைந்து பேடுக்குப் போனால் பிரேக்கே பிடிக்காது.

*நான்காவது: அளந்து பார்ப்பது*

இங்கேதான் ஊகம் முடிகிறது. டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜும், தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரும் வேண்டும். இரவல் கிடைத்தால் போதும்.

டிஸ்க்கை மாட்டி, எல்லா நட்டையும் வாஷர் கொடுத்துச் சரியாக முடுக்குங்கள். ஒரு நட்டில் தொங்கும் டிஸ்க்கை அளப்பதில் பிரயோஜனம் இல்லை. டயல் கேஜின் காந்தக் காலை, ஹப்பைத் தாங்கும் சுற்றாத பாகமான நக்கிளில் நிறுத்தி, முனையை டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து, ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முள் அதிகம் ஏறிய இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருந்தால் நல்லது. மீறினால், டிஸ்க்கைக் கழற்றி ஹப்பில் ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். மேடு டிஸ்க்கோடு நகர்ந்துவிட்டால் குற்றவாளி டிஸ்க். ஹப்பின் அதே இடத்திலேயே நின்றால் ஹப். சில சமயம் இரண்டின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று சரிக்கட்டும் நிலை கிடைத்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல் வேலை முடியும். டிஸ்க்கை ஒரே நிலையில் நிறுத்தும் ஸ்க்ரூ உள்ள வண்டிகளில் இது நடக்காது.

அப்புறம் தடிமன். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் அளங்கள். இடத்துக்கு இடம் 0.01 மில்லிமீட்டர் வித்தியாசத்திலேயே சில வண்டிகளில் கால் உணரத் தொடங்கும். 0.02 தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து அளந்து "எல்லாம் ஒரே அளவுதான்" என்பவர்கள் உண்டு. அதன் தாடை டிஸ்க் ஓரத்துத் துரு விளிம்பில் உட்காரும். தவிர, அதனால் பிரித்துக் காட்டக்கூடிய அளவே அவ்வளவுதான்.

*ஐந்தாவது: கடைவதா, மாற்றுவதா*

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ. கடைந்தபின்னும் அதற்கு மேல் நன்றாக மிச்சம் இருக்கும் என்றால் கடையலாம். வண்டியில் மாட்டியபடியே கடையும் கருவி வைத்திருப்பவர் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஹப்பின் கோணலையும் சேர்த்துக் கடைந்துவிடும். தனியே லேத்தில் கடைந்தால் டிஸ்க் மட்டும்தான் நேராகும். எல்லையை ஒட்டி இருந்தால் புதிது வாங்குங்கள். மாற்றினாலும் கடைந்தாலும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்துத்தான். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைக் கழுவாமல் மாட்டாதீர்கள்.

*கடைசி: ஹப், பேரிங்*

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடக்கென்று அசைந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் அசைந்தால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், டிஸ்க்கின் சின்னத் துடிப்புகூட ஸ்டியரிங்கில் பெரிதாக வரும். பேரிங்கை அழுத்திப் பொருத்த பிரஸ் வேண்டும். இந்த இடத்தில் வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே மேல்.

அறிகுறி: ஸ்டியரிங் அமைதி, இருக்கையும் பெடலும் மட்டும் துடிக்கின்றன

பின் சக்கரங்களைச் சந்தேகப்படுங்கள். லீவர் வைத்த ஹேண்ட்பிரேக் என்றால் ஒரு சோதனை செய்யலாம்: ஆளில்லாத சமதளத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல மெல்லத் தூக்குங்கள். உடனே விடத் தயாராக இருங்கள். காலால் பிரேக் தொடாமலே உதறல் வந்தால் கோளாறு பின்னால் என்பது உறுதி. பட்டன் வகை எலக்ட்ரானிக் பிரேக்கில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு கண்ணி இருக்கிறது. சில வண்டிகளில் பின்னால் டிஸ்க் இருந்தாலும் ஹேண்ட்பிரேக்குக்கு மட்டும் அந்த டிஸ்க்கின் கிண்ணத்துக்குள் தனியாக ஒரு குட்டி டிரம் இருக்கும். அதில் இந்தச் சோதனை டிஸ்க்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

பின்னால் டிரம் என்றால் அது வட்டம் தப்பியிருக்கலாம். டிரம்மைக் கழற்றி முதலில் தூசியையும் ஹப் முகத்துத் துருவையும் எடுத்துப் பாருங்கள். கடைய வேண்டுமென்றால் அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே இருக்கும். பின்னால் டிஸ்க் என்றால் முன் சக்கரத்துக்குச் சொன்ன அதே வரிசைதான். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காலிப்பரில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல், பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளாதீர்கள், மோட்டார் கெட்டுவிடலாம்.

அறிகுறி: துடிப்போடு ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் சூடு

காலிப்பர் இறுகிவிட்டது. அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். தொடாதீர்கள், அனல் அடிப்பதே தெரியும்.

எளிதானது, காலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின். கழற்றினால் கையால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். மேல் பின்னும் கீழ் பின்னும் வேறு வேறாக இருக்கலாம், இடம் மாற்றிப் போடாதீர்கள். அடுத்து, பேடின் காதுகள் உட்காரும் கிளிப்புக்கு அடியில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். துரு கிளிப்பை உயர்த்திப் பேடைக் கவ்விவிடும்.

பின் நன்றாக இருந்து பிஸ்டன் உள்ளே போகவில்லை, அல்லது அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது என்றால் காலிப்பரைப் பிரிக்க வேண்டும். ஹோஸ் உள்ளுக்குள் வீங்கினாலும் இதே அறிகுறிதான். பிரேக் ஆயிலைத் திறக்கும் வேலை எதுவும் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கத் தெரியாமல் இதில் இறங்கினால், இருந்த பிரேக்கும் போய்விடும்.

உடனே நிறுத்தி, இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியவை

டிஸ்க்கில் ஓரம்வரை ஓடும் விரிசல். இரும்போடு இரும்பு உரசும் சத்தம். பெடல் அழுத்த அழுத்த மெதுவாகக் கீழே இறங்குவது. பிரேக் ஆயில் மட்டம் சட்டென்று குறைவது. சக்கரத்திலிருந்து புகை. மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் வெட்டி இழுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிவிடலாம்" என்று நினைக்காதீர்கள்.

அறிகுறி: புது டிஸ்க் போட்டும் சில மாதத்தில் திரும்ப வந்துவிட்டது

புது டிஸ்க் தரமில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், மாட்டியவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஹப் முகத்தைச் சுத்தம் செய்தீர்களா? மாட்டியபின் டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? "அதெல்லாம் தேவையில்லை" என்ற பதில் வந்தால் உங்கள் காரணம் கிடைத்துவிட்டது. பழைய பேடையே புது டிஸ்க்கில் போட்டார்களா என்பதையும் கேளுங்கள். பழைய டிஸ்க்கின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்த பேட் புது முகத்தில் முழுதாக உட்காராது.

பிரேக் ஆயில் மாற்றினால் துடிப்பு போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயில் கெட்டிருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், துடிக்காது.

ஹப்பைச் சுத்தம் செய்தது, டயல் கேஜ் வைத்துப் பார்த்தது, இரண்டும் சரியாக நடந்தும் திரும்ப வந்தால் ஹப்பையே டயல் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். ஹப் முகமே கோணலாக இருந்தால் ஹப்பை மாற்றுவது ஒரு வழி. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகட்டை டிஸ்க்குக்குப் பின்னால் வைத்து நேராக்குவது இன்னொன்று. அந்தத் தகடு கிடைத்தால் செலவு கம்மி.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை அழுத்திக் கெட்டியாகும்வரை ஏற்றுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது. அப்புறம் மேலே சொன்ன 60-லிருந்து 15 ஓட்டத்தைப் புது பேடுக்கும் ஒருமுறை செய்துவிடுங்கள். அதன் நடுவில் சிக்னல் விழுந்து நிற்க நேர்ந்தால், பெடலை அழுத்திப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக்கும் போடாமல் நியூட்ரலில் நில்லுங்கள், வண்டி உருளாத சமதளமாக இருக்கும் பட்சத்தில். சரிவு என்றால் பிடித்துத்தான் ஆக வேண்டும். அந்த ஓட்டத்துக்குச் சிக்னலே இல்லாத சாலையாகத் தேர்ந்தெடுங்கள்.